சீட்டு கேட்காமல் வந்த மாத்திரை

"...மருந்துச் சீட்டு கேக்காமலே அனுப்பிட்டாங்களா அக்கா? அப்ப உங்க உடம்ப யாரு பாத்துக்கறாங்க?" என்றாள் அந்தப் பெண், கன்னடம் கலந்த தமிழில். நான் சாமுண்டி மலைப் படியில் தலைசுற்றி உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு வேலை கிடைத்தால் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டியிருந்தேன். குனிந்து நிமிர்ந்து ஏறுகையில், பாதி வழியிலிருக்கும் பெரிய நந்தி சிலைக்குச் சற்றுக் கீழே கண் இருட்டியது. எனக்குப் பின்னால் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள்தான் தாங்கிப் பிடித்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலையாம்.

கால் வீக்கத்துக்கு டாக்டர் பத்து நாள் நீர் மாத்திரை கொடுத்து, பிறகு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். வீக்கம் வடிந்ததால் நான் போகவில்லை. ஃபோனில் அதே பெயரைத் தேடி வாங்கி, ஒரு மாதமாகப் போட்டுவந்தேன். வீட்டு வாசலுக்கே மருந்து வருகிறதென்று பெருமை வேறு.

பையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "இது நாப்பது மில்லிகிராம். டாக்டர் எழுதினது?"

"இருபது" என்றேன்.

"விடுங்க, இப்பவாவது தெரிஞ்சுதே. இந்த அட்டையோட நேரா டாக்டர்கிட்ட போங்க."

என் கணவரை ஃபோனில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அன்று மாலை ரத்தம் பார்த்த டாக்டர், உப்புச்சத்து இறங்கியிருக்கிறது, நல்ல வேளையாக வந்தீர்கள், சரியாகிவிடும் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் இன்றுவரை என் கண்ணில் நிற்பது, நந்தியருகே உள்ள சாலையில் அவள் என்னை ஆட்டோவில் ஏற்றிய நேரம்தான். "வேண்டுதல் பாதியில நிக்குதேம்மா" என்று அழுதேன்.

"அம்மன் எங்கயும் போயிட மாட்டா. நீங்க கெளம்புங்க" என்றவள், என் குங்குமத் தட்டை வாங்கிக்கொண்டு, நான் நின்றுபோன படிக்கே திரும்ப இறங்கிப் போய்க் குனிந்தாள்.