பலகைக் கடல்

மாமாவின் நாடகம் நடக்கும்போது யாரும் இருமக்கூடாது. இருமல் வந்தால் எழும்பி, ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பின் கரைக்குப் போய் இருமிவிட்டு வரவேண்டும். அம்மாவின் தம்பியான அவர்தான் நாடகத்தை எழுதுவார், ஆட்களைப் பழக்குவார், மேடைக்குப் பலகை அறுப்பார், சாயம் பூசுவார், லைட்டும் போடுவார். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் எந்தக் கிறிஸ்தவக் கோவிலில் திருநாள் என்றாலும் அவருடைய நாடகம் ஒன்று இருக்கும். மற்ற நாட்களில் அவர் என்ன செய்கிறார் என்பது எங்கள் வீட்டில் தீராத கேள்வி. சோறு போடும்போதெல்லாம் அப்பா அதைக் கேட்பார்.

அப்பா சிலாபத்து முதலாளி ஒருவரின் இறால் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணைக் குளத்தில் சக்கரங்கள் இரவும் பகலும் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை நின்றால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கரண்ட் போனால் ஓட்டுவதற்கென்று ஒரு ஜெனரேட்டர் இருந்தது. எங்கள் வீடு குளத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நான் அந்தச் சக்கரச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனால் எனக்கு நித்திரை வராது.

அந்த வருடம் எங்கள் ஊர்த் திருநாளுக்கு மாமா கடல் செய்தார். ஆள் உயரத்துக்கு அலை அலையாக அறுத்த பலகைகளுக்கு நீலம் பூசி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் ஒளிந்திருந்து இழுக்க வேண்டும். எங்கள் முற்றத்தில் மாதக்கணக்காக அந்த வேலை நடந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் மகனாக எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. கடைசிக் காட்சியில், “அம்மா, அங்க வாறது எங்கட வள்ளமா?” என்று நான் கேட்க வேண்டும். எனக்கு அந்த ஒரு வசனம்தான்.

திருநாளுக்கு முதல் நாள் மாமா அப்பாவிடம் வந்தார்.

“அத்தான், உங்கட ஜெனரேட்டர ஒரு ரெண்டு மணித்தியாலத்துக்குத் தாங்க.”

“கோவில்ல கரண்ட் இருக்குத்தானே மச்சான்?”

“அது மஞ்சக் கரண்ட். அதுல லைட் போட்டா கடல் பருப்புக் கறி மாதிரித் தெரியும்.”

“இங்க கரண்ட் போனா?”

“திருநாளண்டைக்கு ஆரும் கரண்ட் வெட்டுவானா?”

அடுத்த கிழமை இறால் பிடிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. ஜெனரேட்டர் வெளியே போவது முதலாளிக்குத் தெரியாது.

“இந்த இறாலுக்கு ஏதும் நடந்தா எனக்கு வேலை இல்ல, வீடும் இல்ல. பிறகு உன்ட நாடகத்துக்குத்தான் வரவேணும்” என்றார் அப்பா.

“வாங்க அத்தான். யூதாஸ் வேஷத்துக்கு எனக்கு ஆள் இல்லாம இருக்கு.”

அம்மா சிரித்துவிட்டதால் அப்பாவால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் பொழுதுபட்டதும் மாமா கோவில் லைட்டுகளையும் சுற்றியிருந்த கடை லைட்டுகளையும் அணைக்கச் சொன்னார். சத்தம் கேட்காதபடி தூரத்தில் வைத்து வயர் இழுத்த ஜெனரேட்டரில் மேடை மட்டும் பளபளவென்று எரிந்தது. அதனால், நாடகத்தின் நடுவில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

கைம்பெண் வேஷம் போட்ட சலூன்கார அண்ணன் வெள்ளைச் சேலையோடு கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். சனம் மூச்சு விடாமல் இருந்தது. இருமல் இல்லை, செருமல் இல்லை. அந்த அமைதியில்தான், முன்வரிசையில் இருந்த அப்பாவுக்கு, தென்னந்தோட்டத்துக்கு அப்பாலிருந்து எந்நேரமும் கேட்கும் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது.

அவர் நேரே மேடையில் ஏறினார். அவரும் நடிக்கிறார் என்று நினைத்துப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்ற என்னைத் தாண்டி, ஓரத்தில் லைட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவிடம் போனார்.

“மச்சான், சக்கரம் நிண்டுட்டுது.”

இருமினவனையே எழுப்பி அனுப்புகிற மாமா அப்பாவைக் கையோடு இறக்கிவிடப் போகிறார் என்று பயந்தேன். மாமா தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார். பிறகு மேடை நடுவுக்கு வந்தார்.

“நாடகம் இவ்வளவுதான். கடலைக் கழட்டுங்க.”

ஜெனரேட்டரை லேண்ட்மாஸ்டர் டிராக்டரின் பெட்டியில் ஏற்றினார்கள். மணலில் அது ஆமை மாதிரித்தான் வரும். சனம் அதற்கு முன்பே ஆளுக்கொரு அலையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடியது. டோர்ச் அடித்துப் பார்த்தபோது, மூச்சுக்காக மேலே வந்திருந்த இறால்களின் கண்கள் தண்ணீர் முழுக்கச் சிவப்பாக மின்னின. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பலகையால் அடித்தார்கள். பலகை கிடைக்காதவர்கள் துடுப்பாலும் வாளியாலும் அடித்தார்கள். சலூன்கார அண்ணன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடித்த அடியைப் பார்த்து, “கைம்பெண்ணுக்குக் கை நல்லா வேலை செய்யுது. நாளைக்கே மாப்பிள்ளை பாக்கலாம்” என்றார் ஒருவர்.

“முதல்ல நீ அடி. பிறகு பொண்ணு கேள்” என்றார் அண்ணன்.

முதலில் ஆளுக்கொரு பக்கமாக விழுந்த அடி, யாரோ கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டை எடுத்துவிட்டதும் ஒன்றாக விழத் தொடங்கியது. அப்பா தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தார்.

மாமா மட்டும் வரம்பில் வெறுங்கையோடு நின்றார்.

“பாத்துக்கொண்டு நிக்காம நீயும் ஒரு பலகையைப் பிடியன் தம்பி” என்றார் அம்மா.

“கொஞ்சம் பேசாம இரு அக்கா.”

இருட்டில் அவர் கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு நாள் பூசிய நீலம் தண்ணீரில் கரைகிறதே என்று அழுகிறார் என நினைத்தேன். போய் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார்.

ஜெனரேட்டர் வந்தது. சக்கரங்கள் சுழன்றன. கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கண்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்பா சேற்றிலேயே குந்திவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மச்சான், உன்ட கடல் நல்லா உழைச்சுது” என்றார்.

விடிந்து பார்த்தபோது ஒரு மூலையில் கொஞ்ச இறால்தான் செத்துக் கிடந்தது. அடுத்த கிழமை வந்த முதலாளி வரம்போரத்தில் ஒட்டியிருந்த நீலத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். “திருநாள் சாயம்” என்றார் அப்பா. முதலாளி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார். எங்கள் வேலையும் வீடும் நிலைத்தன. சோறு போடும்போது கேட்கும் அந்தக் கேள்வியும் அதோடு நின்றது.

அதே நாடகத்தை மாமா பிறகு புத்தளத்தில் போட்டார், கொழும்பிலும் போட்டார். அதில் பலகைக் கடல் இல்லை. கடைசிக் காட்சியில் எல்லா லைட்டும் அணைந்துவிடும். இருட்டில் தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும் தாறுமாறாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஒன்றாகும். என் வசனத்தையும் எடுத்துவிட்டார். நாடகத்துக்குப் பரிசு கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து முதலில் பல்கலைக்கழகம் போனவன் என்பதால், அதைப் பற்றிச் சஞ்சிகையில் வந்த கட்டுரையை நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இருள் கரையோர மக்களின் ஆழ்ந்த துயரத்தைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அப்பா முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

“இறாலைப் பத்தி ஒண்டும் எழுத இல்லையா?” என்றார்.

அன்றிரவு கையை உதறியதற்காக நான் மாமாவோடு கன நாள் கதைக்காமல் இருந்தேன். உதறிய பிறகு அந்தக் கை அவருடைய தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. குளத்தில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. குளிரில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். அந்தக் கைக்கு அப்போது வேலை இருந்தது என்பது எனக்கு அன்று தெரியவில்லை.