பழைய முகம் போட்ட கம்ப்யூட்டர்கள்

என் அத்தான் இருக்கிற ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்தவன் உருப்பட மாட்டான். நான் வைத்தேன், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். என் கடை பெரிய சாலையில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக, புது அட்டைப் பெட்டிகளின் வாசத்தோடு இருக்கும். அவர் கடை அதே சாலையில், சலவைக் கடையின் மாடிப்படிக்கு அடியில். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் உட்கார வேண்டும். என்னிடம் புது மெஷின் வாங்கக் கிளம்பி வருகிறவன் வழியில் அவரைப் பார்த்துத் தொலைப்பான். "பழசு ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே" என்பான். "கொண்டாங்க, பார்ப்போம்" என்பார் அத்தான். அதோடு என் வியாபாரம் போயிற்று. ஷேவிங் பிரஷ்ஷால் உள்ளே படிந்த தூசியைத் தட்டுவார், மெஷினை ஓட்டுகிற பெரிய கம்பெனி சிஸ்டத்தைக் கழற்றி எறிவார், லினக்ஸைப் போட்டுக் கொடுப்பார். செத்துக் கிடந்த மெஷின் எழுந்து ஓடும். சொந்த மச்சினன் கடை திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறானே என்ற இரக்கம் வேண்டாமா ஒரு மனுஷனுக்கு?

லினக்ஸ் என்பது யாரோ ஒரு முதலாளி எழுதி விற்கிற சரக்கு இல்லை. உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கிற சிஸ்டம். இதை நானே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அத்தானிடம் கேட்டால் சாயங்காலம் ஆகிவிடும். "வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஓனரைக் கேக்கணும். இது உங்க சொந்த வீடு" என்று ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் வாட்ச்சைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார். கடைசியில், "அண்ணே, அந்தக் கம்பெனியோடதும் காப்பி போட்டா சும்மாதானே கிடைக்குது? அதையே போட்டுக் குடுங்களேன்" என்பார். திருட்டுக் காப்பி போட மாட்டேன் என்று அத்தான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

என் அக்காவுக்கு அந்த சிஸ்டத்தின் மேல் ஒரு காலத்தில் கோபம் இருந்தது. "அது என் சக்களத்திடா. பக்கத்துல படுக்காததுதான் பாக்கி" என்பாள். பிறகு அவளுடைய லேப்டாப்பிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது சக்களத்தியும் அவளும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்.

ஜனங்கள்தான் அவ்வளவு சுலபத்தில் படியவில்லை. ஒருமுறை பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைச் சரி செய்து அனுப்பினார். அங்கே வேலை செய்யும் பெண் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இது எங்களோடது இல்ல. ஆள் மாத்திக் குடுத்துட்டீங்க" என்றாள். பெட்டியின் மேல் அவளே ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினாலும் நம்பவில்லை. திரையில் பொத்தான் இடம் மாறியிருந்ததே, அதுதான் அவளுக்கு ஆதாரம்.

அன்றிலிருந்து அத்தான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். லினக்ஸுக்கு வேஷம் போட ஆரம்பித்தார். கம்பெனி சிஸ்டத்தில் இருக்கும் அதே நீல நிறம், அதே மூலையில் அதே பொத்தான், அதே சின்னப் படங்கள், திறக்கும்போது வருகிற அதே 'டிங்'. உள்ளே ஓடுவது ஒன்று, மேலே தெரிவது ஒன்று. யாரும் கண்டுபிடிக்கவில்லை. "வேகமா இருக்குண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இதுல உங்களுக்கு என்ன அத்தான் லாபம்? நீங்க ஜெயிச்சதே அவங்களுக்குத் தெரியாதே" என்று கேட்டேன்.

"அவங்களால புதுசைத் தாங்க முடியாது மாப்ள. பாவம், பயந்துடுவாங்க" என்றார்.

பொது நூலகத்தின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் அறை உண்டு. ஜன்னலோரமாக நீள மேஜை, அதன் மேல் அந்தக் காலத்து மெஷின்கள், கால் ஆடுகிற நாற்காலிகள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் வருவார்கள். வெளிநாட்டு பஸ்களின் படங்களாகத் தேடிப் பார்க்கிற, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார். தவறாமல் வருகிறவர் டெய்லரம்மா. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கத் தொங்க வந்து, இணையம் வழியாகக் கணக்கியல் படிப்பார். பரீட்சை தேறினால் துணி ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்காகத் தையல் மெஷினில் குனிந்து அவர் முதுகு போய்விட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போனில் அந்தப் பாடம் திறக்காது. நூலகத்து அறைதான் அவருக்கு வழி.

அப்போதுதான் பெரிய கம்பெனி தன் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் எதுவும் அனுப்ப மாட்டேன் என்று அறிவித்தது. புது சிஸ்டமோ அந்தக் கிழட்டு மெஷின்களில் ஏறாது. புது மெஷின் வாங்க நூலகத்துக்கு வக்கில்லை. அறையைப் பூட்டிப் பழைய பத்திரிகைகளை அடுக்கலாம் என்றிருந்த நூலகர், கடைசியாக அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் ஒரு விடுமுறை நாளில் போய், எல்லாவற்றிலும் லினக்ஸைப் போட்டு, எல்லாவற்றுக்கும் பழைய முகத்தை மாட்டிவிட்டார். நூலகரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. டெய்லரம்மா மறுநாள் வந்து உட்கார்ந்து பாடத்தைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த முறை வேஷம் அவ்வளவு கச்சிதம். கச்சிதமாகச் செய்கிறேன் பேர்வழி என்று, திரையின் மூலையில் பழைய சிஸ்டத்தின் பெயரையும் அதன் எண்ணையும் கூட அப்படியே எழுதி வைத்திருந்தார். அந்த மனுஷனுக்கு எதிலும் அரைகுறை ஆகாது.

ஒரு மத்தியானம் அவர் கடைப் படியில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நூலகரிடமிருந்து போன் வந்தது. அத்தான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

நூலகத் துறையிலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். காலாவதியான சிஸ்டம் ஓடுகிற மெஷின் எதுவும் நெட்வொர்க்கில் இருக்கக்கூடாது, இருந்தால் அன்றே துண்டித்து அறையைப் பூட்ட வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. அவர் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். கடைசி மெஷினிலிருந்து ஒயர்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். நாங்கள் போனபோது முதல் மெஷினில் மட்டும்தான் ஒயர் மிச்சம் இருந்தது.

"இது அது இல்ல மேடம். அது மாதிரி..." என்று நூலகர் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"அதுன்னுதானே எழுதியிருக்கு?"

அறையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு டெய்லரம்மா நடுவில் புகுந்தார். "மேடம், நான் தினமும் வர்றவ. இதுல யாரும் எதையும் மாத்தல. ஆரம்பத்துலேர்ந்து அதே சிஸ்டம்தான். நான் எங்க வேணா சத்தியம் பண்றேன்."

"ஆமா மேடம், அதேதான்" என்று பஸ் டிரைவரும் சாட்சி சொன்னார். அங்கே இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"அதேங்கறதாலதாம்மா மூடச் சொல்றேன்" என்றார் அதிகாரி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் டெய்லரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவர் கையில் இஞ்ச் டேப்பை இறுக்கச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி.

அத்தான் அவரைத் தாண்டிப் போய் முதல் மெஷினில் உட்கார்ந்தார். கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ வரிகள் தட்டினார். நீல முகம் போயிற்று, பொத்தான் போயிற்று, மூலையில் இருந்த எண் போயிற்று. அந்த இடத்தில் வேறு நிறம், வேறு படங்கள், ஓரத்தில் லினக்ஸின் சின்னமான ஒரு குண்டுப் பென்குயின். அறையே ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

"மேடம், இது லினக்ஸ். போன வாரம் வரைக்கும் வந்த பாதுகாப்பு அப்டேட் எல்லாம் இதுல ஏத்தியிருக்கேன். பாருங்க" என்று எடுத்துக் காட்டினார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சிஸ்டம் சரிதான். ஏன் செத்துப்போனதோட பேரை எழுதி வெச்சீங்க?"

"இவங்க பயந்துடக்கூடாதுன்னு மேடம்."

"அப்ப இவங்களுக்கு இதைப் பயன்படுத்தத் தெரியாதா? தெரியாத ஒண்ணை வெச்சு அறை நடத்த முடியாதே."

அத்தான் மாட்டிக்கொண்டார். வேஷம் இருந்தால் காலாவதி, கலைத்தால் யாருக்கும் தெரியாது. "எண்ணை மட்டும் எடுத்துட்டு, மறுபடி பழைய மாதிரியே மாத்திடறேன் மேடம். இவங்களுக்குப் புதுசு கஷ்டம்" என்றார்.

"எனக்குக் கஷ்டம்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

டெய்லரம்மாதான். குரல் உயரவில்லை, ஆனால் நல்ல கோபம். "இத்தனை நாளா நான் இதுலதான் படிச்சேனா?"

"ஆமாம்மா."

"ஏன் சொல்லல? சொன்னா புரியாதுன்னு நினைச்சீங்களா?"



"நவுருங்க" என்று அவரை எழுப்பிவிட்டு டெய்லரம்மா உட்கார்ந்தார். முதலில் ஏதோ ஒரு படத்தை அழுத்தினார், சீட்டாட்டம் வந்தது. டிரைவர் சிரித்துவிட்டார். "சிரிங்க, அடுத்து உங்க முறைதான்" என்றார் டெய்லரம்மா திரும்பாமலே. அத்தான் தாங்க முடியாமல் மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கையை அவர் பட்டென்று தட்டிவிட்டார். இன்னொன்றை அழுத்தினார், மூடினார். நெற்றியில் வேர்த்தது. பிறகு ஓரத்தில் இருந்த பட்டியலை மெதுவாக, ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்துக்கொண்டே போனார். இணையம் திறந்தது. அவருடைய பாடம் நேற்று விட்ட பக்கத்திலேயே வந்து நின்றது.

"எல்லாம் இங்கதான் இருக்கு. கடைக்குப் பெயிண்ட் மாத்தி அடிச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார்.

அதிகாரி எழுந்து, பிடுங்கிய ஒயர்களைச் செருகச் சொன்னார். "யாருக்கும் தெரியாம மட்டும் எதையும் மாத்தி வைக்காதீங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அறை தப்பித்தது.

டெய்லரம்மா விடுவதாக இல்லை. "அந்தக் கம்பெனிக்காரன் நம்மளைக் கேக்காம என்னென்னமோ பண்றான்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பேசுவீங்களாம், உங்க வீட்டம்மா பிளவுஸ் குடுக்க வரும்போது சொல்வாங்க. நீங்க என்ன பண்ணீங்க? எங்களைக் கேட்டீங்களா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். என்னோடு மணிக்கணக்கில் வாதாடுகிற மனுஷன், "இல்லம்மா. கேட்டிருக்கணும்" என்றார். எனக்கே சங்கடமாக இருந்தது.

டெய்லரம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, விடுங்க. இதுக்குப் பேர் என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, நல்லா காதுல விழல."

"லினக்ஸ்."

"லினக்ஸ்" என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் பேசுவதற்கு அத்தானிடம் சரக்கு இருந்தது. அன்று அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, ஏதோ ஒயரைச் சரி பார்க்கிறவர் போல நின்றார். நான் கண்டும் காணாதவனாக இருந்துவிட்டேன்.

வாரத்துக்குள் அத்தான் நூலகத்துக்கு மறுபடி போனார். இந்த முறை ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து நின்று, உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் பென்குயினே இருக்கட்டும் என்றார்கள். விண்ணப்பம் போட வந்த பெண் ஒருத்தி திரைக்குச் சிவப்பு நிறம் கேட்டாள். பஸ் டிரைவர் மட்டும், "எனக்கு அந்தப் பழைய நீலம்தான் வேணும் தம்பி. பழகிடுச்சு" என்றார்.

டெய்லரம்மா பாடத்திலிருந்து தலையைத் தூக்கி அவரை முறைத்தார். "நான் கத்துக்கலையா? நீங்களும் கத்துக்கங்க." பிறகு அத்தானைப் பார்த்து, "நீங்க போடாதீங்க" என்றார்.

"அவர் கேட்டிருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு, அத்தான் டிரைவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க அந்தப் பழைய முகத்தை மாட்டிக் கொடுத்தார்.