லேஞ்சி விரித்த கதிரை

என் மாமாவின் கலியாணத்தைக் குழப்பியவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இதுவரை யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கோடை விடுமுறைக்கு அம்மாவும் நானும் லண்டனிலிருந்து பாரிஸ் போயிருந்தோம். மாமா லா சப்பலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்தார். நாற்பதை நெருங்கியும் தனி ஆள். அவருக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பாண்டிச்சேரிக்காரி, கணவனை இழந்தவர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. இந்த மூன்றில் எது பெரிய குற்றம் என்று அம்மாவாலேயே முடிவு செய்ய முடியவில்லை. மூன்றுக்கும் சேர்த்து, முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். அம்மா யாருக்காவது இளகுவார் என்றால் அது எனக்குத்தான். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டால் போதும் என்று மாமா நினைத்திருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அவரே சொன்னது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்துப் பூங்காவில் ஜாஸ் கச்சேரி நடந்தது. மாமா முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் லீவு எடுத்து, அயர்ன் பண்ணிய சட்டையோடு என்னைக் கூட்டிப் போனார். ஜாஸ் அவருக்குச் சுத்தமாக விளங்காது. அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும், ஆகவே அவருக்கும் பிடிக்கும்.

மரங்களுக்குக் கீழே கதிரைகள் மளமளவென்று நிறைந்துகொண்டிருந்தன. மாமா மூன்றைப் பிடித்தார். யாழ்ப்பாணத்தில் பஸ் யன்னலுக்குள்ளால் கைக்குட்டையை எறிந்து சீற் பிடித்தவர் அல்லவா, சட்டைப்பையில் இருந்த லேஞ்சியை எடுத்து உதறி மூன்றாவது கதிரையில் விரித்தார்.

“இதிலை ஒரு ஆள் வருவா. லேஞ்சியை எடுத்துப்போடாதை, என்ன?” என்றுவிட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போனார்.

எனக்கு மானம் போனது. வயதான பிரெஞ்சுக்காரி ஒருத்தி வந்து லேஞ்சியைக் காட்டி ஏதோ கேட்டுச் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பென்றே எனக்குப் பட்டது. லேஞ்சியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, உட்காரச் சொல்லிக் கைகாட்டினேன்.

மாமா மூன்று ஐஸ்கிறீமோடு வந்து நின்றார்.

“ஏன் பிள்ளை எடுத்தனி?”

“இஞ்சை உப்பிடிச் செய்யக்கூடாது மாமா. எனக்கு வெக்கமா இருக்கு.”

மாமாவிடம் இருந்த பிரெஞ்சு சமையலறைக்குப் போதுமானது. ஒரு கிழவியை எழுப்பப் போதாது. கச்சேரி தொடங்கிவிட்டது. மூன்றாவது ஐஸ்கிறீமையும் நானே தின்றேன்.

இரண்டாவது பாட்டின்போது அந்தப் பெண் வந்தார். வேலையிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. எங்களைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த கிழவியைப் பார்த்தார். மாமா கையை ஆட்டியபடி எழும்பினார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ.”

மாமா இருந்துவிட்டார். மேடையில் ஒருவர் சக்ஸபோன் வாசித்து முடிக்க, பாட்டு முடியாமலேயே சனம் கைதட்டியது. அதற்குள் அந்தப் பெண் போய்விட்டார். மாமா போன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார்.

வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கமாட்டேன், தனக்கென்று ஒரு கதிரை வைத்திருந்தால் மட்டும் வந்து இருப்பேன் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாராம். பிறகு அவர் கேட்டபோது, இடம் பிடிக்க மறந்துவிட்டேன் என்றாராம் மாமா. பிள்ளையைப் பற்றி அவரிடம் அவ்வளவு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தவருக்கு, பிள்ளைதான் எடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது. மாமா இன்றும் தனி ஆள்தான்.

அன்று பின்னேரம் அம்மா, கச்சேரி எப்படி என்று கேட்டார். மாமா லேஞ்சி விரித்த விதத்தை நான் நடித்துக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவரைவிடப் பலமாகச் சிரித்தவர் மாமா. அந்தக் கதிரை யாருக்கு என்று அம்மா கேட்டுவிடாமல் இருக்கத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் இன்னொரு முறை நடித்துக் காட்டினேன்.