அக்கா கேட்ட கட்டுப்பாடும் மறுத்த கட்டுப்பாடும்

எங்களைப் பெற்றவர்களுக்குப் பின் எங்களுக்குப் பெரியவராக இருந்த அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் எந்தக் கட்சி என்று துக்க வீட்டிலேயே ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. அவர் என்ன நினைத்தார் என்பதைத் தவறில்லாமல் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

திருவையாற்றை அடுத்த எங்கள் ஊரிலேயே அக்கா பிறந்தார், உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். மகள் கயல்விழிக்கு விவரம் தெரியுமுன் அத்தான் காலமானார். அதன்பின் வயலை அக்காவே நின்று பார்த்தார்.

யாரையும் எளிதில் நம்பமாட்டார். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் தன் மூட்டை ஏறும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "ஜெயிச்சா என்ன செய்வீங்கன்னு கேக்கல. என்ன செய்ய மாட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்பார்.

ஒருமுறை விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர், "நம்ம நெல்லு, நாம விக்கிறோம். நடுவுல சர்க்கார் எதுக்கு?" என்றார்.

"சர்க்காரை நானும்தான் நம்பல. ஆனா நனைஞ்ச நெல்லோட நீங்க ரோட்டுல நிக்கும்போது வியாபாரி சொல்றதுதானே வெலை? அவருக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்ல?" என்றார் அக்கா. அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் 'கட்டுப்பாட்டுக்காரம்மா' என்று பெயர்.

கயல்விழி தன்னுடன் வங்கியில் வேலை பார்க்கும் வேறு சாதி இளைஞரை மணக்க விரும்பினாள். அக்கா அவரையும் உடனே நம்பிவிடவில்லை. வரவழைத்து விசாரித்தார்.

"சமைக்கத் தெரியுமா தம்பி?"

"முட்டை பொரிப்பேன்மா."

"அது சமையல் இல்ல தம்பி."

அவர் போனபின் மகளிடம், "எனக்கு இருக்கிற சந்தேகத்தைச் சொல்லிட்டேன். கட்டிக்கப்போறது நீ. முடிவும் நீதான் எடுக்கணும்" என்றார். கயல்விழி தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

சேதி பரவியதும் எங்கள் தாய்மாமா நாலைந்து பேருடன் வந்தார். கல்யாணத்தை நிறுத்த அக்கா ஒப்புக்கொள்வார் என்று உண்மையாகவே நம்பி வந்திருந்தார்.

"ஏம்மா, கூட்டத்துக்குக் கூட்டம் கட்டுப்பாடு வேணும்னு பேசுறவ நீதானே? இதுவும் கட்டுப்பாடுதான், ஊர்க் கட்டுப்பாடு. நெல்லுக்கு மட்டும் வேணும், பொண்ணுக்கு வேணாமா?"

"நெல்லுக்கு வாய் கிடையாது மாமா. அதுக்காக யாராவது பேசணும். எம் பொண்ணுக்கு வாய் இருக்கு."

"அதான் கொஞ்சம் நீளமாவே இருக்கே" என்றார் உடன் வந்த ஒருவர்.

"அதுக்கும் சேத்துத்தான் சோறு போட்டு வளத்தேன்."

அப்போது சம்பா அறுவடைக்கு நின்றது. அக்காவின் வயல் உள்ளே தள்ளி இருப்பது. முன்னால் உள்ள வயல்கள் வழியாகத்தான் அறுவடை இயந்திரம் வரவேண்டும். தங்கள் வயலை அறுத்து முடித்ததும் முன்வயல்காரர்கள் வழி விடுவது வழக்கம். அந்த ஆண்டு விடவில்லை. கல்யாணத்தை நிறுத்தினால் வழி என்று சொல்லியனுப்பினார்கள். வானம் மூடிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்மா" என்றாள் கயல்விழி.

"இப்ப வழிக்காகத் தள்ளி வச்சா, அடுத்து தண்ணிக்காக நிறுத்தச் சொல்லுவாங்க."

அக்கா பக்கத்து ஊரிலிருந்து பெண்களை வரவழைத்துக் கை அறுப்பு அறுத்தார். கட்டுகள் தலைச்சுமையாக வாய்க்கால் கரையில் வந்தன. அந்தக் கரை புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை. கடைசிக் கட்டுகள் வருமுன் மழை பிடித்துக்கொண்டது. அவை முளைவிட்டு வீணாயின. திருமணம் குறித்த நாளில் நடந்தது.

மழை விட்டபின் அந்தக் கரையில் நின்று அக்கா என்னிடம் சொன்னார்: "இதை யாரும் வளைச்சுப் போடாம சர்க்கார் பாத்துக்கணும்டா. இதுல யாரு யாரோட நடக்குறாங்கன்னு பாக்கக் கூடாது." அவருடைய அரசியல் முழுவதும் இதுதான். வேறெதையும் யாரும் அவர் பெயரில் சொல்ல வேண்டாம்.

இறுதி நாட்களில், தஞ்சாவூர் மருத்துவமனையில், நரம்பில் மருந்து ஏற்ற வந்த செவிலியரிடம் அது என்னவென்று கேட்டார். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார் அவர். "அது சரி. மருந்துக்குப் பேரு என்ன?" பெயரைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கையை நீட்டினார்.

சிதைக்குக் கயல்விழியே தீ வைத்தாள். மாமா முன்னால் வந்து, "யாரைக் கேட்டு இந்த ஏற்பாடு?" என்றார்.

"அம்மாவைக் கேட்டுத்தான் தாத்தா."



அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மழைக்கு முன் ஓடி ஓடி அறுத்த பக்கத்து ஊர்ப் பெண்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த மருமகனுக்கும் எங்கள் நன்றி. அன்று வழி விடாதவர்களும் இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்தார்கள். வந்ததற்கு நன்றி. அதை மனமாற்றம் என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் இன்னொரு பெண் தன் விருப்பத்தைச் சொல்லும்போது, அவள் வீட்டு வயலுக்கு இயந்திரம் போகிறதா என்று பார்த்துவிட்டு நம்புகிறோம்.