அந்தப் பேய்க்கதை என்னோடதுங்க!

போன வருடம் ஆவணி மாதம். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீடு. எனக்குச் சிக்குன்குனியா வந்து முட்டியெல்லாம் வீங்கி, கட்டிலே கதியென்று கிடந்தேன். பொழுது போகாமல், காலேஜில் கடைசி வருடம் படிக்கும் என் மகள் கட்டில் ஓரம் வைத்துவிட்டுப் போன ஒரு நாவலைக் கையில் எடுத்தேன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்று. காட்டுக்குள் ஒரு கிணறு. அதில் இருக்கும் பேய்க்கு வருடம் தவறாமல் ஒரு கன்னிப் பெண்ணை அனுப்புகிறார்கள். அப்படிப் போன ஒருத்தி, பேயைக் கொன்றுவிட்டுத்தான் வருவது என்று இடுப்பில் கதிர் அரிவாளைச் செருகிக்கொண்டு போகிறாள். போய்ப் பார்த்தால், பேய் என்று ஊரே சொன்னது, முன்பு அதே ஊர் கிணற்றில் தள்ளிய ஒரு பெண்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உச்சி வெயில்ல கெணத்துப் பக்கம் போகாதே, காத்துக் கருப்பு புடிச்சுக்கும்" என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களையெல்லாம் வளர்த்தார்கள். அந்தக் கருப்புக்கும் ஒரு கதை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அரிவாளோடு போனவளுக்கும் கிணற்றில் இருந்தவளுக்கும் காதல் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மறுபடி எடுத்தேன். அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பேய்ப் பயம் இல்லை. ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் கணவரின் அக்கா பெருந்துறையிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். மகளுக்கு ஒரு வரனும் கொண்டுவந்திருந்தார். என் கட்டில் ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே, தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த நாவலை எடுத்துப் பின்னட்டையைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"என்ன கருமம் இது? பொம்பளைப் புள்ளையும் பொம்பளைப் புள்ளையும் காதலாமா? யாரு இதைப் படிக்கிறது?"

காபி டம்ளர்களோடு வாசற்படியில் வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒரு புத்தகத்துக்காக யாரும் அப்படி வெளிறிப் போகமாட்டார்கள். அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற என் கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உன்னோடதா கண்ணு?"

அவளுக்குப் பொய் சொல்லவே வராது. வாயைத் திறந்தாள்.

"என்னோடதுங்க" என்றேன் நான்.

நாத்தனார் சிரித்தார். "நீயா? சும்மா சொல்லாதே அம்மணி. எங்கே, கதையைச் சொல்லு பாக்கலாம்."

சொன்னேன். கிணறு, அரிவாள், ஊர் செய்த பாவம் எல்லாம் சொன்னேன். முதலில் உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தவர், "அப்பறம்?" என்று கேட்டார். காதலை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். மகள் இன்னும் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல், "அவளுக்கு அவளைப் புடிச்சுப்போச்சுங்க. அவ்வளவு பேரும் பேய்ன்னு சொன்னவளை இவ ஒருத்திதான் மனுசியாப் பாத்தா" என்றேன்.



"கலிகாலம்" என்று சொல்லிப் புத்தகத்தைக் கட்டிலில் போட்டார் நாத்தனார். பிறகு வரன் பேச்சை எடுத்தார். "படிப்பு முடியட்டுங்க. அவளைக் கேக்காம எதுவும் பேச வேண்டாமுங்க" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் குறுக்கே பேசவில்லை.

நாத்தனார் கிளம்பிப் போனபின் மகள் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"ஊர்க்காரங்க தீப்பந்தத்தைப் புடிச்சுட்டுக் கெணத்துக்கு வாராங்க."

"அதுக்கப்பறம்..."

"சொல்லாதே கண்ணு. நானே படிச்சுக்கறேன்."

என் வீங்கின முட்டி மேல் முகத்தை வைத்து அழுதாள். வலித்தது. நகரச் சொல்லவில்லை. பிறகு அவள் சொன்னதெல்லாம் அவளுடைய கதை. அதை நான் எழுதக் கூடாது. என் கணவர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் நாள் வரும் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை நாள் அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்த வீட்டில் இப்போது இரண்டு பேராகப் பயப்படுகிறோம், அதுவே எனக்குப் பெரிய தைரியமாக இருக்கிறது.