கவிழ்த்து வைத்த தட்டு

நைனாவுக்கு வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது, அவருக்குச் சோறு போட ஆளில்லை என்ற கவலை எங்களுக்கு இல்லை. எங்கள் தண்டையார்பேட்டை சந்தில் சோறுதான் அதிகமாகிவிட்டது. நான் கஞ்சி ஊட்டிவிட்டுத் தண்ணி பிடிக்கப் போவேன். அதற்குள் ஒருத்தி இட்லியோடு வருவாள், இன்னொருத்தி மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து ஊட்டிவிட்டுப் போவாள். அவரும் வேண்டாம் என்று தலையாட்ட மாட்டார். சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார்.

எதிர்வீட்டு அக்காதான் வழி கண்டுபிடித்தாள். நைனாவின் தட்டைத் தெருப்பக்க ஜன்னலில் வைப்பது. நிமிர்ந்திருந்தால் இன்னும் சாப்பிடவில்லை. ஊட்டியவள் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். "தட்டு கவுந்துகினு இருந்தா எவளும் உள்ள பூராதீங்கடி" என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்தாள்.

நைனா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கண்டெய்னர் பெட்டிகள் வரவர மூட்டை குறைந்து, வேலை போய் வீட்டில் உட்கார்ந்தார். அடுத்த வருஷமே வாதம். அந்தப் பெட்டிகளில் ஏறி வெளிநாடு போகும் சட்டைகளைத் தைக்கத்தான் நான் போனேன். இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நினைக்க நேரம் எங்கே? தினமும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போலத்தான் கிளம்புவேன்.

மாத்தூர்ப் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனி. ஆர்டர் கூடக்கூட சூப்பர்வைசர் ஆள் கேட்டார். முதலில் எதிர்வீட்டு அக்காவைச் சேர்த்துவிட்டேன். காசிமேட்டு மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பிறகு அவள் ஓரகத்தி, அடுத்த வீட்டுக்காரி, அவள் தங்கை என்று வரிசையாக எல்லோரும் என் சிபாரிசுதான். வேன் எங்கள் சந்து முனைக்கே வர ஆரம்பித்தபோது, ஏதோ நானே வேன் வாங்கிவிட்ட மாதிரி திரிந்தேன். பகலில் சந்தில் யார் மிச்சம் என்று யோசிக்கவில்லை. கடைசி வீட்டுக் கைக்குழந்தைக்காரி ஒருத்திதான் மிச்சம். நைனாவின் காலைக் கஞ்சி அவள் பொறுப்பானது. புரையேறாமல் நிதானமாக ஊட்டுவாள்.

அன்றைக்கு ஷிப்மெண்ட். வேன் அரைமணி முன்னதாகவே வந்து ஹாரனை விடாமல் அடித்தது. நைனாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன். கஞ்சியை மூடி வைத்தேன். ராத்திரித் தட்டு கழுவாமல் கிடந்தது. அவசரமாகக் கழுவி, தண்ணி வடியட்டும் என்று கவிழ்த்து ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினேன்.

காலர் தைத்துத் திருப்புவது என் வேலை. பத்து மணி வாக்கில் ஒரு காலரைத் திருப்பும்போதுதான் அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. மாத்திரை உள்ளே போயிருக்கிறது, கஞ்சி போகவில்லை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். செல்போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"லஞ்ச்ல பேசிக்கம்மா. இப்போ எழுந்து போனா நாளைக்கு வராத."

பக்கத்து வரிசையில் இருந்த எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் கை மெஷினில் அப்படியே நின்றது. "கவுந்திருந்தா அந்தப் பொண்ணு பாத்துட்டு போய்க்கினே இருக்கும்டி. வேற யாருடி கீறாங்க சந்துல?"

சுற்றிப் பார்த்தேன். எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஹாலில்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை. லஞ்ச் மணி அடிக்கும்வரை காலர் திருப்பினேன். அத்தனையும் கோணல். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது தட்டைக் கவிழ்த்ததற்கல்ல, அந்த இரண்டரை மணிநேரம் உட்கார்ந்திருந்ததற்குத்தான்.

மணி அடித்ததும் கேட் பாஸ் வாங்கி, ஆட்டோ பிடித்து வந்தேன். ஜன்னலில் தட்டு நிமிர்ந்திருந்தது. நான் கவிழ்த்து வைத்தது எப்படி நிமிர்ந்தது என்று ஒரு நொடி குழம்பினேன். உள்ளே போனால், நைனா கட்டிலில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில், சட்டையெல்லாம் வேர்வையாகக் கிடந்தார். உடம்பை இழுத்துக்கொண்டே போய் இடது கையால் தட்டை நிமிர்த்தியிருக்கிறார். அதைப் பார்க்கத்தான் தெருவில் ஆளில்லை.

சர்க்கரையை அள்ளி வாயில் தடவினேன். கடைசி வீட்டுக்காரி குழந்தையோடு ஓடிவந்தாள். "துன்னுட்டாருன்னு நெனச்சு போய்ட்டேன்க்கா" என்று அழுதாள். கால்மணி கழித்து நைனா கண் திறந்து, அழுகிற அவளையே பார்த்தார்.

அதன்பிறகு அவள் தட்டை நம்பவில்லை. வேன் வருவதற்கு முன்பே வந்து, என் கையிலிருந்து கஞ்சியை வாங்கிக்கொள்வாள். நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஒரு மாதம் போயிருக்கும். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் ஹாரன் அடித்தது.

"அக்கா, கொழந்தைய எங்கம்மா பாத்துக்குறேன்னு சொல்லுது. எனக்கும் உங்க கம்பெனில சொல்லேன்."

முந்தின நாள்தான் சூப்பர்வைசர் இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார்.

"இப்ப ஆள் எடுக்கலடி" என்றேன்.

"சரிக்கா, எடுத்தா சொல்லு" என்றவள், நைனாவின் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கஞ்சியை ஊதி ஊதி ஊட்ட ஆரம்பித்தாள். நான் வேனுக்கு ஓடினேன்.