சாசரோடு வந்த டீ

எங்கள் தோல் ஷாப்புக்குப் புதிதாக வந்த மேனேஜரைப் பார்த்து முதலில் மயங்கியவள் நான்தான். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்றுதான் சொல்லுவோம். அங்கே டைம் ஆபீசில் எனக்கு வேலை. எல்லாரும் மெஷினில் விரல் வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தவர்களின் பெயரை அதில் ஏற்ற வேண்டும், நின்றவர்களின் பெயரை எடுக்க வேண்டும். பழைய மேனேஜர் வாயைத் திறந்தால் காது கூசும். "எருமமாடு" என்று கத்துவார், மத்தியானம் அதே ஆளுக்கு வடை வாங்கிக் கொடுப்பார். அவர் போனபோது சனியன் விட்டது என்று நினைத்தேன்.

புதியவர் வேறு மாதிரி. செக்யூரிட்டிக்குக்கூட முந்திக்கொண்டு வணக்கம் வைப்பார். பெண்கள் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. கேபின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். "எதுவா இருந்தாலும் நேரா எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்று முதல் நாளே சொன்னார். அடடா, இப்படியும் ஒரு மனுஷனா என்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

எங்களுக்கெல்லாம் டீ பேப்பர் கப்பில்தான். மேனேஜர் கேபினில் மட்டும் வெள்ளைப் பீங்கான் கப்பும் சாசரும் இருந்தன, விருந்தாளிகளுக்காக. ஒரு லோடு தோல் கெட்டுப்போனதைச் சொல்ல ஒருநாள் மேஸ்திரி உள்ளே போனார். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்று, உட்கார வைத்து, அந்தக் கப்பில் டீ வரவழைத்தார். "உங்கள மாதிரி அனுபவஸ்தர் கிடைச்சது எங்க பாக்கியம்" என்றார். மேஸ்திரி வெளியே வந்து எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். மறுநாள் அவர் பெயரை மெஷினிலிருந்து எடுக்கச் சொல்லி எனக்கு மெசேஜ் வந்தது. கடைசியில் ஒரு ப்ளீஸ், கும்பிடுகிற கை பொம்மை.

அடுத்தது ஸ்டோர்காரர். கெமிக்கல் இன்னும் வரவில்லை என்று சொல்லப் போனார். அவருக்கும் எழுந்து நின்றார், அவருக்கும் சாசர், அவருக்கும் பாக்கியம். அவர் பெயரையும் நான்தான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஷாப்பில் ஒருத்தர் வாயிலும் கெட்ட செய்தி வரவில்லை. மேனேஜர் சிரித்த முகத்தோடு ரவுண்டு வருவார், "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று வரிசையாகச் சொல்லுவோம். டீ போடும் அக்கா அந்தக் கப்பைக் கழுவும் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய்க் கேட்பேன்.

"இன்னிக்கு யாருக்குக்கா?"

"எனக்கென்னடி தெரியும்? வைக்கச் சொன்னா வைக்கிறேன்."

பழையவரிடம் திட்டு வாங்கினால் அன்றைக்கு ஒருநாள் மனசு கெடும். இவருடைய மரியாதையில் பிழைப்பே போனது. அதுவும் சத்தமில்லாமல், நன்றி சொல்லிவிட்டு.

ரிப்பேர் வேலை பார்க்கும் ஃபிட்டரான பாய் ஒருநாள் காலையில் என் ஜன்னலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஈரத் தோலை மாடியில் காயப்போடக் கொண்டுபோகும் லிஃப்ட் அவர் பொறுப்பு.

"தங்கச்சி, ரோப்பு பிரிபிரியா விட்டுக்கெடக்கு. எப்ப அறும்னு சொல்ல முடியாது."

"ஐயையோ! பொண்ணுக அதுலதானே ஏறுதுக பாய்?"

"ஏறாதீங்கன்னுதான் கத்துறேன். படி வழுக்குதுன்னு தோலு மேலயே உக்காந்து போகுதுக."

ஆர்டர் அனுப்ப வேண்டிய நேரம். மேனேஜர் சொல்லாமல் லிஃப்டை நிறுத்த முடியாது. பாய் அப்போதே கேபினுக்குப் போனார், போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"அந்தக் கப்பத் தொடச்சு வச்சிருந்தாங்க தங்கச்சி. வாய் வரல. லிஃப்ட் நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெட்ராஸிலிருந்து ஆடிட்டர் வருகிறார் என்று வைத்த கப்பு அது! ஆனால் அவரைத் திட்ட நாக்கு எழவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து சின்ன மகளுக்கு நிக்காஹ். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

"நான் போறேன். உங்க பேர எடுக்க மாட்டேன்" என்றேன்.

முதலில் மாடிக்குப் போய் ரோப்பை என் கண்ணாலேயே பார்த்தேன். இழைகள் அறுந்து முள்ளு முள்ளாக நின்றன. அதற்குக் கீழே தாடிக்கொம்புப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் ஏதோ சொல்லிச் சிரித்தபடி தோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வேலை போனால் போகட்டும் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

ஆடிட்டர் கிளம்பியதும் உள்ளே போனேன். மேனேஜர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க மேடம்."

உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். குறை சொல்லக் கூடாது, அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. போனை எடுத்து லிஃப்டை நிறுத்தச் சொன்னார். யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்றார். பிறகு பெல்லை அழுத்தினார்.

அக்கா கப்பும் சாசருமாக வந்தாள். மேஜையில் எனக்கு நேராக வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். சரி, நம்ம கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"காலையில பாய் வந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரே மேடம்" என்றார் மெதுவாக.

"பயந்துட்டாரு சார்! இந்தக் கப்பப் பாத்துப் பயந்துட்டாரு. இங்க எல்லாருமே பயந்துதான் கெடக்கோம்!"

அவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"இங்க யாரும் யாரையும் திட்டுறதே இல்லையே மேடம். எதுக்குப் பயம்?"

அப்புறம் சாசரை இரண்டு கையாலும் பிடித்து, எனக்கு முன்னாலிருந்து பக்கத்து நாற்காலிக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"இது உங்களுக்கு இல்ல. போறப்ப பாய மட்டும் கொஞ்சம் வரச் சொல்லுங்க, ப்ளீஸ்."

பாய் லிஃப்ட் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அல்ஹம்துலில்லாஹ்! பிள்ளைக தப்பிச்சிருச்சுக தங்கச்சி. நீ நல்லா இருக்கணும்."

"உங்கள வரச் சொன்னாரு பாய்."

துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"டீ வச்சிருக்காரா?"

"வச்சிருக்காரு" என்றேன்.

சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவர் கேபினை நோக்கி நடந்தார். நான் டைம் ஆபீசுக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.